நாலாவது குட்டிக்குச் சிவப்பு அட்டை

ஒரு காட்டில் (எந்தக் காடு என்று தெரிய வேண்டுமானால் தனியாக விண்ணப்பம் போட வேண்டியிருக்கும்) மருக்கொழுந்து என்ற கன்னி நாய் வாழ்ந்துவந்தது. கன்னி என்பது இனத்தின் பெயர். மற்றபடி அதற்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. புருஷன் பெயர் வீரபாகு. மான்கள் மேயும் புல்வெளிக்கு இரண்டும் காவல். ஆபத்து வந்தால் மருக்கொழுந்து குரைக்கும். வராவிட்டாலும் வீரபாகு குரைக்கும்.

போன வருஷம் மருக்கொழுந்து மூன்று குட்டிகள் போட்டது. இரண்டு நன்றாக வளர்ந்து பக்கத்துக் காட்டுக்கு வேலைக்குப் போய்விட்டன. மூன்றாவது பிறந்தபோதே தொப்புள் பக்கம் வயிறு திறந்து, குடல் வெளியே கிடந்தது. மருக்கொழுந்துக்கு அது என்னவென்று புரியவில்லை. மற்ற இரண்டையும் நக்கியதுபோல அதையும் நக்கியது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, குட்டியின் மூச்சு நின்றுவிட்டது. வீரபாகு குழி தோண்டியது.

இந்த வருஷம் மறுபடியும் வயிற்றில் குட்டிகள். நாற்பது நாள் ஆனதும் மருக்கொழுந்து சொன்னது: "என்னங்க, அரசமரத்துப் பொந்துல புதுசா ஸ்கேன் நிலையம் திறந்திருக்காங்களாம். ஒரு நடை போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

"ஸ்கேனா? எங்கம்மா புதருக்குள்ள ஏழு போட்டா. ஒரு ஸ்கேனும் பாக்கல."

"உங்கம்மாவுக்கு ஏழும் தங்குச்சா?"

வீரபாகு யோசித்தது. "நாலு," என்றது. ஐம்பதாவது நாள் காலையில் மருக்கொழுந்து கிளம்பிப் போனது.

அரசமரத்தடியில் பெரிய வரிசை நின்றது. வாசலில் ஒரு பலகை தொங்கியது: 'கருவில் இருப்பது நாயா நரியா என்று தெரிவிப்பது சட்டப்படி குற்றம்.' ஒரு குடும்பத்தில் பெரிய தகராறு வந்தபிறகு வைத்த பலகை அது.

பலகைக்குக் கீழே குத்தாலிங்கம் உட்கார்ந்திருந்தார். அவர் முள்ளம்பன்றி. உத்தியோகத்தில் இருப்பதால் அவரை 'அது' என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வந்த விண்ணப்பங்களை எல்லாம் முதுகு முள்ளில் குத்தி வைத்துக்கொள்வார். எந்தக் காகிதம் எந்த முள்ளில் இருக்கிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். அவரால் முதுகைத் திரும்பிப் பார்க்க முடியாது என்பதால் அவருக்கும் தெரியாது என்று சிலர் சொன்னார்கள்.

மருக்கொழுந்து படிவத்தை நிரப்பிக் கொடுத்தது. குத்தாலிங்கம் கண்ணைச் சுருக்கிப் படித்தார்.

"என்னம்மா இது? 'குறையின் பெயர்'ங்கற கட்டத்துல பயம்னு எழுதியிருக்கே?"

"பயமாத்தான் இருக்கு சார்."

"பயம் குறைல வராது. குட்டிக்கு என்ன குறைன்னு எழுதணும்."

"குறை இருக்கான்னு பாக்கத்தானே சார் வந்திருக்கேன்?"

"குறை இருந்தாத்தாம்மா உள்ள விடுவோம். குறை இல்லாதவங்களுக்கு இங்க என்ன வேலை?"

"உள்ள போனாத்தானே சார் குறை இருக்கான்னு தெரியும்?"

"அதைத் தெரிஞ்சுக்கிட்டு வா, உடனே உள்ள விட்டுடறேன்," என்றார் குத்தாலிங்கம், மிகவும் அன்பாக.

மருக்கொழுந்துக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டது. அப்போது வரிசையின் முன்னால் நின்ற அலங்காரம்மாள் என்ற யானை தும்பிக்கையை நீட்டி அதன் முதுகைத் தொட்டது.

"போன தடவை ஏதாவது ஆச்சாடி உனக்கு?"

மருக்கொழுந்து நடந்ததைச் சொன்னது. பாதி சொல்வதற்குள் அலங்காரம்மாளின் காதுகள் அசைவதை நிறுத்திவிட்டன.

"சார்," என்றது யானை, "முந்தின பிரசவத்துல குறைன்னு எழுதிக்கோங்க. அதுக்குக் கட்டம் இருக்குல்ல?"

குத்தாலிங்கம் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் அப்படி ஒரு கட்டம் இருந்தது. இத்தனை நாளில் அவர் பின்பக்கத்தைப் பார்த்ததே இல்லை. "இருக்கு," என்றார் வருத்தத்தோடு. "ஆனா டோக்கன் தீர்ந்து போச்சே."

"என் டோக்கனை இவளுக்குக் குடுங்க. எனக்கு இன்னும் பதினாலு மாசம் கிடக்கு."

ஸ்கேன் டாக்டர் பெயர் ஆகாசமுத்து. பூச்சி தின்னும் சின்ன வவ்வால். காதுக்குக் கேட்காத ஒலியை வாயால் அனுப்பி, அது முட்டித் திரும்புவதை வைத்து எதிரே இருப்பதைத் தெரிந்துகொள்வது அவர்கள் குலத்துக்கே கைவந்த வேலை. மற்றவர்கள் அதை வைத்துக் கொசு பிடித்தார்கள். இவர் மட்டும் மேலே படித்தார். பகலெல்லாம் தூங்கிவிட்டு மாலை நாலு மணிக்குத்தான் கண் விழிப்பார் என்பதால் மருக்கொழுந்து நாலு மணிவரை காத்திருந்தது.

"மல்லாந்து படும்மா," என்றார் டாக்டர், மேலே கிளையிலிருந்து தலைகீழாகத் தொங்கியபடி. நர்ஸ் அணில் மருக்கொழுந்தின் வயிற்று முடியை வழித்து, கற்றாழைச் சோற்றைக் குளிரக் குளிரத் தடவியது. மருக்கொழுந்துக்குக் கூச்சமாக இருந்தது. வழித்த வயிற்றை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று வாலை மேலே போட்டுக்கொள்ளப் பார்த்தது.

"வாலை எடும்மா. குட்டி தெரியல, வால்தான் தெரியுது."

டாக்டர் வாயைத் திறந்தார். மற்ற மிருகங்களுக்குக் கேட்காத அந்த ஒலி நாய்க் காதுக்குக் கேட்டது. மெல்லிய கம்பியைத் தேய்ப்பதுபோன்ற கிறீச் ஒலி.

"ஒண்ணு. நெஞ்சு நல்லா அடிக்குது. ரெண்டு. முதுகெலும்பு வரிசையா இருக்கு. மூணு. இவன் தூங்கறான். நாலு..."

நாலில் நிறுத்திக்கொண்டார். மறுபடியும் ஒலி அனுப்பினார். இன்னும் ஒருமுறை அனுப்பினார். கிளையில் இடம் மாறித் தொங்கி, அந்தப் பக்கத்திலிருந்தும் அனுப்பினார்.

"டாக்டர்?" என்றது மருக்கொழுந்து.

"இரும்மா. அஞ்சு. அஞ்சும் நல்லா இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நாலாவது குட்டிக்கு வயித்துச் சுவர் முழுசா மூடல. சின்ன ஓட்டை. குடல் கொஞ்சம் வெளியில மிதக்குது. நெஞ்சு, மூளை எல்லாம் சரியா இருக்கு. வேற ஒண்ணும் இல்ல."

மருக்கொழுந்து நாலு காலும் மேலே நீட்டியபடி அப்படியே கிடந்தது.

"போன தடவையும் இதேதான்," என்றது. "நான் ஏதாவது சாப்பிட்டதாலயா டாக்டர்? அழுகின முயல் ஒண்ணு..."

"முயல் பாவம், அதை விடு. இது யாரும் செஞ்சு வர்றதில்ல. கரு வளரும்போது மூட வேண்டிய இடம் மூடாமப் போயிடுது, அவ்வளவுதான்."

"நான் அன்னிக்கு நக்கினேன் டாக்டர். நக்காம விட்டிருந்தா?"

ஆகாசமுத்து கிளையை விட்டு இறங்கி வந்தார். மருக்கொழுந்தின் முகத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். வவ்வாலுக்குத் தரையில் உட்காருவது எவ்வளவு சிரமம் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

"அன்னிக்கு உனக்குத் தெரியாது. இன்னிக்குத் தெரியும். அதுக்குத்தான் இந்தக் கிறீச் எல்லாம். கவனமாக் கேளு. இந்தக் குட்டி வெளியில வந்ததும் நக்காதே. தொப்புள்கொடியை நீ கடிக்காதே. ஈர வாழையிலையால வயித்தைச் சுத்தி வை. ஒரு மணி நேரத்துக்குள்ள தையல் போட்டாப் பிழைச்சுக்கும். தையல்நாயகி போடுவா."

தையல்நாயகி ஒரு தையல்சிட்டு. இலையோடு இலை சேர்த்துத் தைத்துக் கூடு கட்டுகிற குருவி. அந்தக் காட்டில் அவளைவிட நல்ல கை கிடையாது. கை கிடையாது என்பதால் எல்லாம் மூக்காலேயேதான்.

அறிக்கையைக் கையில் வாங்கிய குத்தாலிங்கத்தின் முகம் மலர்ந்தது.

"குறை இருக்கு! இதை முதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு நேரம் நிக்க வச்சிருப்பேனா?" உடனே எழுந்து நின்றார். மருக்கொழுந்துக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நாலாவது குட்டியின் பெயரில் நூற்றி ஏழாம் எண்ணுள்ள சிவப்பு அட்டை ஒன்றை எழுதி, முத்திரை குத்தினார். அட்டை இருந்தால் தையல்நாயகி எந்த வேலையில் இருந்தாலும் விட்டுவிட்டு வர வேண்டும். வழியில் யார் நின்றாலும் ஒதுங்க வேண்டும், ராஜாவின் ஊர்வலம் உட்பட.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் வீரபாகு குதித்தது.

"என் பரம்பரையில குறையா? அந்த வவ்வாலுக்கு எல்லாமே தலைகீழாத்தான் தெரியும்! ஒழுங்கா இருக்கிறதைக் குறைன்னு சொல்லியிருக்கான்!"

அரசமரம் இருக்கும் திசையைப் பார்த்து வெகுநேரம் குரைத்தது. அது குரைத்து முடித்து மூச்சு வாங்கியபோது மருக்கொழுந்து சொன்னது: "போன வருஷம் தோண்டின மாதிரி நீங்க இன்னொரு குழி தோண்டறதை என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாதுங்க."

வீரபாகு கீழே உட்கார்ந்தது. "அட்டை நம்பர் என்ன?" என்று கேட்டது.

அறுபத்திரண்டாம் நாள் காலை. வெயில் ஏறும் நேரம். மருக்கொழுந்துக்கு வலி எடுத்தது. முதல் குட்டி சிரமமில்லாமல் வந்து சேர்ந்தது. அடுத்ததாக வந்ததுதான் அந்தக் குட்டி. டாக்டர் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு எண்ணியதால் அவருடைய நாலாவது, வெளியே வரும்போது இரண்டாவதாக வந்தது. ஆனாலும் அட்டையில் நாலாவது என்று எழுதியிருந்ததால் கடைசிவரை அதை நாலாவது குட்டி என்றே எல்லோரும் அழைத்தார்கள்.

உளுந்து அளவு குடல் ஒன்று அதன் வயிற்றுக்கு வெளியே பளபளத்தது. மருக்கொழுந்தின் நாக்கு தானாக வெளியே வந்தது. நாயாகப் பிறந்த எந்தத் தாயாலும் அதை நிறுத்த முடியாது. மருக்கொழுந்து பக்கத்தில் கிடந்த ஒரு காய்ந்த குச்சியைக் கவ்விப் பல்லால் இறுக்கிக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டது. முன்காலால் மட்டும் வாழையிலையைத் தள்ளித் தள்ளிக் குட்டியைச் சுற்றியது.

வெளியே வீரபாகு மேட்டின்மேல் ஏறி நின்று குரைத்தது. "நூத்தி ஏழு! நூத்தி ஏழு! சிவப்பு அட்டை!"

வாழ்நாள் முழுக்கக் காரணமில்லாமல் குரைத்துப் பழகிய தொண்டை அது. மூன்று மலைக்கு அந்தப் பக்கம் கேட்டது. தையல்நாயகி பாதி தைத்த கூட்டை அப்படியே போட்டுவிட்டு, வாயில் பஞ்சு இழையோடு பறந்து வந்தாள். குடலை மூக்கால் மெல்ல உள்ளே தள்ளினாள். சிலந்தி நூலும் பஞ்சும் முறுக்கி ஏழு தையல் போட்டாள்.

"குச்சியைக் கீழ போடலாம்மா," என்றாள். மருக்கொழுந்து வாயைத் திறந்தது. குச்சி இரண்டாக விழுந்தது.

கொஞ்ச நேரம் குட்டி அசையவில்லை. பிறகு மோப்பம் பிடித்து, தவழ்ந்து வந்து, பாலைப் பிடித்துக்கொண்டது. இவ்வளவு ஓசையின்றி வீரபாகு ஒருநாளும் வாசலில் நின்றதில்லை.

வழக்கமான கதையாக இருந்தால் இங்கே நிறுத்தி, முன்கூட்டியே பரிசோதித்தால் நன்மை உண்டு என்று சொல்லி உங்களை அனுப்பிவிடலாம். ஆனால் மருக்கொழுந்துக்கு இன்னும் நாலு குட்டிகள் இருந்தன.

ஆறு வாரம் கழித்து ஆற்றங்கரைப் பக்கம் நாய்க்குட்டிகளுக்கு ரத்தக்கழிச்சல் பரவியது. தடுப்பூசி வந்திருக்கிறது என்று பறை அடித்தார்கள். மருக்கொழுந்து ஐந்தையும் கூட்டிக்கொண்டு ஓடியது.

குத்தாலிங்கம் நாலாவது குட்டியைப் பார்த்ததும் எழுந்து வணக்கம் சொன்னார். அதற்கு ஊசி போட்டாயிற்று. ஊசிக்குப் பஞ்சமில்லை, அவர் முதுகிலேயே இருந்தது.

"மத்த நாலுக்கும் அட்டை எங்கம்மா?"

"அதுங்களுக்குக் குறையே இல்லையே சார்."

"இல்லைன்னு எங்க எழுதியிருக்கு?"

"டாக்டர் அறிக்கையில..."

"அறிக்கையில கட்டம் காலியா இருக்கு. காலியா இருக்கற கட்டத்தை நான் எப்படிம்மா படிக்கறது? அட்டை இல்லைன்னா பதிவு இல்ல. பதிவு இல்லைன்னா இதுங்க இன்னும் பிறக்கவே இல்ல. பிறக்காத குட்டிக்கு ஊசி போட்டா என் வேலை போயிடும்."

பிறக்காத நாலு குட்டிகளும் அவருடைய மேசைக்காலைக் கடித்துக்கொண்டிருந்தன.

மருக்கொழுந்து டாக்டரிடம் ஓடியது. பகல் தூக்கத்தைப் பாதியில் விட்டு எழுந்த ஆகாசமுத்து உடனே ஒரு கடிதம் எழுதித் தந்தார்: 'நாலு குட்டிகளும் நன்றாக இருக்கின்றன.' குத்தாலிங்கம் அதை வாங்கி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பினார்.

"நன்றாக இருக்கின்றனங்கறது எந்தக் குறைல வருது?"

மருக்கொழுந்து திரும்பி வீட்டுக்கு வந்தது. பக்கத்துப் புதரில் அன்று காலைதான் ஒரு குட்டி இறந்திருந்தது. அழுகைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மருக்கொழுந்து நாலு குட்டிகளையும் வரிசையாக நிற்கவைத்து, தன் பிள்ளைகளிடம் குறை தேட ஆரம்பித்தது.

"இவன் தூங்கும்போது நாக்கு வெளியில தொங்குது," என்றது.

"அது அழகு," என்றது வீரபாகு.

"எழுதுங்க. அடுத்தது, இவ தன் வாலையே துரத்தறா. பிடிச்சுட்டா விடத் தெரியல. கடிச்சுட்டு அவளே அழறா. எழுதுங்க. மூணாவது, இவன் குரைக்க ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேங்கறான்."

வீரபாகு பேனாவைக் கீழே வைத்தது. "அது குறையா?"

"பரம்பரைக் குறையான்னு ஒரு கட்டம் இருக்கு. ஆமான்னு போட்டா சீக்கிரம் ஆகுமாம்."

வீரபாகு புதர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தது. அழுகை இன்னும் கேட்டது. பிறகு 'ஆம்' என்று எழுதி, காலை மையில் தோய்த்து, அழுத்தமாக ரேகை வைத்தது.

கடைசிக் குட்டியிடம்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. பெண் குட்டி. காது சரியாக இருந்தது. பல் சரியாக இருந்தது. நடை, ஓட்டம், பசி, எல்லாம் சரி. மருக்கொழுந்து மத்தியானம் முழுக்க அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குட்டியும் தலையைச் சாய்த்து அம்மாவைப் பார்த்தது. குறையே இல்லாத பிள்ளையைப் பெற்றுவிட்டோமே என்று அந்தத் தாய் விசும்பி விசும்பி அழுதது. குட்டி கிட்டே வந்து வாயைக் கொஞ்சம் விரித்தது.

"என்னங்க!" என்று மருக்கொழுந்து துள்ளி எழுந்தது. "எழுதுங்க! அம்மாவைப் பாத்தா இவ சிரிக்கறா. நாய் எங்கயாவது சிரிக்குமா?"

குத்தாலிங்கம் அதைப் படித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். "அபூர்வமான கேஸ்," என்றார். அன்று மாலைக்குள் நாலு குட்டிகளுக்கும் ஊசி போட்டாயிற்று.

விஷயம் காடெங்கும் பரவியது. மறுநாளே அரசமரத்தடியில் அவரவர் குறையோடு கூட்டம் கூடியது. மயில் தன் குரலைப் பாடிக்காட்டியது. அதற்குப் பாதிப் பாட்டிலேயே அட்டை கொடுத்துவிட்டார்கள். ஒட்டகச்சிவிங்கி இல்லாத காடு என்பதால் கழுத்துப் பிரிவில் மட்டும் கூட்டமில்லை.

மூன்றாம் நாள் ராஜாவே வந்துவிட்டார். எல்லோருக்கும் வெறிநோய்த் தடுப்பூசி போடும் நாள் அது. பதிவேட்டைப் பார்த்த குத்தாலிங்கத்துக்கு முள் எல்லாம் நட்டுக்கொண்டது. காகிதங்கள் நாலு பக்கமும் சிதறின.

"ராஜா... மன்னிக்கணும்... உங்க பேர்ல கட்டம் காலியா இருக்கு. பதிவுப்படி நீங்க இன்னும் பிறக்கல."

சிங்கம் மந்திரிகளைப் பார்த்தது. "எனக்கு ஒரு குறை சொல்லுங்க."

கரடி வானத்தைப் பார்த்தது. சிறுத்தை தன் புள்ளிகளை எண்ண ஆரம்பித்தது. நரி, "தங்களிடம் குறை இல்லாததுதான் ஒரே குறை," என்றது. அதற்கும் கட்டம் இல்லை.

நாலாவது குட்டியின் தழும்பைக் காட்ட வீரபாகுவோடு வந்திருந்த மருக்கொழுந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றது. தன் பிள்ளைகளிடம் குறை தேடித் தேடி அதன் கண் பழகியிருந்தது.

"ராஜா, கொஞ்சம் வாயைத் திறங்க."

கூட்டம் நாலடி பின்வாங்கியது. சிங்கம் வாயைத் திறந்தது. மருக்கொழுந்து உள்ளே தலையை நீட்டிப் பார்த்தது. வீரபாகு கண்ணை மூடிக்கொண்டது.

"இடது பக்கம் கடைவாய்ப் பல்லு ஒண்ணு அழுகிப்போச்சு. ஈறு வீங்கியிருக்கு," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "எத்தனை நாளா வலிக்குது?"

மருக்கொழுந்து தலையை வெளியே எடுத்ததும் சிங்கம் ஈறை நக்கிக்கொண்டது.

"நாலு மாசம்," என்றது மெதுவாக. "நான் உறுமறேன்னு நினைச்சு இவங்க கைதட்டறாங்கம்மா. வலி பொறுக்காமக் கத்தறேன்."

அன்றே பல்லைப் பிடுங்கினார்கள். அன்றே ராஜாவுக்கு அட்டையும் ஊசியும் கிடைத்தன. நாலு மாதமாக எதிரே நின்றும் எதையும் பார்க்காத மந்திரிகள் எல்லோருக்கும் பார்வைக் குறைக்கான அட்டை, வரிசையில் நிற்காமலே, வீட்டுக்கு அனுப்பி வைக்கப்பட்டது.

நீதி: அலுவலகத்துக்குப் போகும்போது ஒரு குறையாவது கைவசம் இருக்கட்டும். சொந்தமாக ஒன்றும் தோன்றாவிட்டால் கட்டிய மனைவியையோ கணவனையோ கேளுங்கள், படிவம் போதாது.